மேட்டுக்கு ஏறிய உப்பு

தரணிக்கும் ஜெமிமாவுக்கும் முதல் நாளே ஒத்துப்போகவில்லை.

திருப்பதியில் அவர்கள் சேர்ந்த சுற்றுச்சூழல் முதுகலைப் படிப்புக்கு எல்லாத் துறைகளிலிருந்தும் ஆள் எடுத்திருந்தார்கள். வேதியியல் முடித்தவர்கள், நிலவியல் முடித்தவர்கள், சட்டம் படித்தவர்கள், பொருளாதாரம், சமூகவியல் என்று எல்லோருக்கும் ஒரே வகுப்பு. முதல் மணியில் நீரின் ரசாயனம், அடுத்த மணியில் நிலச் சட்டம். ஒருவருடைய பாடம் நடக்கும்போது மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். தன்னுடைய பாடம்தான் பாடம், மற்றதெல்லாம் பொழுதுபோக்கு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நினைப்பு இருந்தது. ஜெமிமாவுக்கு அது கொஞ்சம் அதிகம். வேதியியலில் கல்லூரி முதலிடம் வாங்கிவிட்டு சித்தூரிலிருந்து வந்தவள் அவள்.

அறிமுகத்தின்போது தரணி, "சமூகவியல்" என்றதும் ஜெமிமா திரும்பிப் பார்த்தாள்.

"அப்படின்னா வீடு வீடாப் போய் கதை கேக்கறது."

"ஆமா. நீ பாட்டில்ல தண்ணி புடிக்கிறது."

"பாட்டில் பொய் சொல்லாது."

"பாட்டில் ஒண்ணுமே சொல்லாது. நீதான் அதுக்காகப் பேசணும்" என்றாள் தரணி.

பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஜெமிமா சிரிக்கவில்லை. அன்றைக்குப் பிறகு இருவரும் வகுப்பில் தள்ளித் தள்ளியே உட்கார்ந்தார்கள்.

இரண்டாம் பருவத்தில் பேராசிரியர் பிரமிளா குழு பிரித்தார். ஒவ்வொரு குழுவிலும் வெவ்வேறு துறைக்காரர்கள் மூன்று பேர். ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு ஆராய வேண்டும். அறிக்கை ஒன்று, மதிப்பெண்ணும் ஒன்று. தரணி, ஜெமிமா, நிலவியல் படித்த சத்தியவேடு யஸ்வந்த் மூவரும் ஒரே குழு. தரணி மேடத்திடம் போய் வேறு குழு கேட்டாள். அவளுக்கு முன்பே ஜெமிமா வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தாள். இருவருக்கும் கிடைத்த பதில் ஒன்றுதான்: முடியாது.

இடம் எது என்பதில் அடுத்த சண்டை.

"உங்க ஊர் நகரி பக்கம்தானே?" என்றாள் ஜெமிமா. "சாயப்பட்டறை இருக்கு, பக்கத்துல ஓடை இருக்கு. வேற ஊரை எதுக்குத் தேடணும்?"

"அது எங்க ஊரு. வேணாம்."

"உங்க ஊர்ங்கறதாலதான் சொல்றேன். உனக்கு எல்லா வீடும் தெரியும்."

"தெரியறதாலதான் வேணாங்கறேன்."

பிரமிளா மேடம் ஜெமிமா பக்கம் சாய்ந்துவிட்டார். யஸ்வந்த் எந்தப் பக்கமும் சாயவில்லை. தன் பைக்கில் எத்தனை பேர் போகலாம் என்பதை மட்டும் யோசித்தான்.

*

சின்னராசகுப்பத்தில் பாதி வீடுகளில் விசைத்தறி ஓடும். மீதி வீடுகளில் நூல் சுற்றுவார்கள், அல்லது நிலம் வைத்திருப்பார்கள். ஊரின் தாழ்ந்த கோடியில், ஓடைக்கரையில் தங்கவேலுவின் சாயப்பட்டறை. தறிக்கு வேண்டிய நூலெல்லாம் அங்கேதான் சாயம் தோய்ந்து வரும். பட்டறை ஒரு நாள் நின்றால் மறுநாள் தறி நிற்கும்.

மூவரும் ஊருக்குள் நுழைந்தபோது தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக அடங்கியது. வாசலுக்கு வந்தவர்கள் ஜெமிமாவின் கையிலிருந்த பாட்டில் கூடையைப் பார்த்தார்கள்.

"தரணி, நீயே கூட்டினு வந்துட்டியா?" என்றான் ஒருவன்.

"படிப்புக்கு வந்துகீறோம், மாமா."

"பட்டறைய மூடறதுக்கு வரவங்க எல்லாரும் படிச்சவங்கதான்."

ஜெமிமா ஓடைப் பாலத்துக்கு அடியில் இறங்கி தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பாலத்தின் மேலேயிருந்து யாரோ ஒரு வாளிக் கஞ்சித் தண்ணீரை அவள் தலையில் கொட்டினார்கள். நூலுக்குப் போடும் கஞ்சி, கொழகொழவென்று. தரணி மேலே ஏறிப் பார்ப்பதற்குள் பாலம் காலியாகிவிட்டது. ஜெமிமா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள், கூடையிலிருந்து புது பாட்டில் எடுத்தாள், கஞ்சி விழாத இடமாகப் பார்த்து மறுபடியும் பிடித்தாள்.

"உங்க ஊர்க்காரங்க நல்லாத்தான் வரவேற்கிறாங்க" என்றாள் மேலே வந்ததும்.

தரணிக்கு வெட்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

தரணியின் வீட்டுக்குப் போனார்கள். அம்மா கமலம்மா பாயை விரித்து சொம்பில் தண்ணீர் வைத்தாள். நைனா செங்கல்வராயன் கொல்லையிலிருந்து வந்தார். நின்றபடியே மூவரையும் பார்த்தார்.

"இவங்க எதுக்கு வந்துகீறாங்க?"

"தண்ணியப் பத்தி படிக்க, நைனா."

"நம்மூர்ல படிக்கறதுக்கு இன்னா கீது? படிப்பெல்லாம் திருப்பதிலதானே."

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பொழுது உச்சிக்கு வந்திருந்தது, அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. வீடு தேடி வந்தவர்களைச் சாப்பிடச் சொல்லாமல் நைனா எழுந்து போவதைத் தரணி அன்றுதான் பார்த்தாள்.

மலையடிவாரத்து மேட்டில் லட்சுமம்மாவின் கிணறு இருந்தது. புருஷன் இல்லை. மகன் தறி ஓட்டினான், அவள் தனியாகக் கனகாம்பரம் போட்டுப் பிழைத்தாள். செடிகள் ஓரம் கருகி நின்றன. மூவரும் அங்கே போனபோது அவள் எழுந்திருக்கவும் இல்லை.

"முன்னயும் வந்தாங்க. பாட்டில்ல புடிச்சிக்கினு போனாங்க. நீங்களும் புடிச்சிக்கினு போங்க. தண்ணிக்கு இங்க இன்னா பஞ்சம்."

"எப்போலேருந்து இப்படி?" என்று கேட்டாள் தரணி.

லட்சுமம்மா கயிற்றை இழுத்து ஒரு சொம்பு மொண்டாள். "கேள்வி அப்புறம். மொதல்ல நீ குடி."

தரணி குடித்தாள். தொண்டை வரை போனதைத் திரும்பத் துப்பினாள். வாயெல்லாம் கரித்தது.

"என் மாடு உன்னவிட நாசூக்கு. மோந்து பாத்துட்டே போயிடும்" என்றாள் லட்சுமம்மா.

*

அடுத்த சில வாரங்கள் தரணி சனி ஞாயிறுகளில் ஊருக்குப் போய் வீடு வீடாகப் பேசினாள். யார் எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள், எப்போது மாறியது, யாருக்கு என்ன வேலை. பட்டறையைப் பற்றிக் கேட்டால் கோபப்பட்டார்கள், ஆனால் பேசினார்கள். ஓடையைப் பற்றிக் கேட்டால் சத்தம் போட்டே பேசினார்கள். யஸ்வந்த் ஒவ்வொரு கிணற்றிலும் கயிறு விட்டு நீர்மட்டம் அளந்து, மேடு பள்ளம் குறித்துக்கொண்டான். ஜெமிமா தண்ணீரை எடுத்துப்போய் ஆய்வகத்தில் உட்கார்ந்தாள்.

முடிவுகள் வந்த அன்று மூவரும் ஆய்வக மேசையைச் சுற்றி நின்றார்கள். ஓடைத் தண்ணீரில் உப்பு கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். லட்சுமம்மா கிணற்றில் அதைவிடப் பல மடங்கு.

"பட்டறை கசியுது. வேற என்ன?" என்றாள் ஜெமிமா. "எழுதிடலாம்."

"எழுத முடியாது" என்றான் யஸ்வந்த். "பட்டறை பள்ளத்துல கீது. கெணறு மேட்டுல கீது. நெலத்தடியில தண்ணி மேட்டுலேருந்துதான் பள்ளத்துக்கு வரும். உன் உப்பு எப்படி மேல ஏறிச்சி?"

"எனக்கு எப்படித் தெரியும்? அது உன் வேலை."

"என் வேலைய நான் சொல்லிட்டேன். அந்தக் கெணத்துக்கும் மேல எங்கேயோ உப்பு எறங்குது. அவ்ளோதான் தெரியும்."

ஜெமிமா தரணி பக்கம் திரும்பினாள். "ஊர் முழுக்கப் பேசினியே. இதை ஒருத்தர் கூடவா சொல்லல? உன்கிட்ட இருக்கறது எல்லாம் புலம்பல்தான். அதுல ஒரு தகவலும் இல்ல."

"ஜனங்க ஒண்ணும் உன் பாட்டில் இல்ல, தொறந்தவுடனே ஊத்தறதுக்கு."

"அப்ப நீ எதுக்கு இந்தக் குழுவுல?"

தரணி பதில் சொல்ல வாயெடுத்தாள். யஸ்வந்தின் வரைபடம் எதிரில் விரிந்திருந்தது. லட்சுமம்மாவின் கிணற்றுக்கு மேலே ஒரே ஒரு நிலம்தான். அதற்கும் மேலே மலை. அந்தத் துண்டை அவளுக்கு வரைபடம் இல்லாமலே தெரியும்.

எல்லா வீடுகளிலும் நடந்தது அவளுக்கு அப்போது ஒன்றாக நினைவுக்கு வந்தது. பட்டறை பற்றிக் கேட்டபோது கத்தியவர்கள், மேட்டு நிலங்களைப் பற்றிக் கேட்டதும் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். ஒரு வீட்டில் அல்ல, எல்லா வீட்டிலும். விவரம் தெரியாதவர்கள் என்று எண்ணி அவள் அடுத்த கேள்விக்குப் போயிருந்தாள். அவர்கள் பார்த்தது கேள்வி கேட்டவளை அல்ல, செங்கல்வராயன் மகளை.

"என்ன, பதில் இல்லையா?" என்றாள் ஜெமிமா.

தரணி பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

*

மறுநாள் வகுப்புக்குப் போகாமல் புத்தூர் வழியாக பஸ் பிடித்து ஊருக்குப் போனாள். வீட்டுக்குப் போகவில்லை, நேரே நிலத்துக்குப் போனாள். கீழ்க்கோடியில் பாறை தாண்டி ஆழமாகப் புதிதாகப் போட்ட போரில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, நைனா வேர்க்கடலைக்கு மடை கட்டிக்கொண்டிருந்தார். மேல்கோடியில் வற்றிப்போன பழைய போர். அதுவரை வண்டிப் பாதை அகலப்பட்டிருந்தது. பெரிய டயர்களின் தடம். குழாயைச் சுற்றி மண் நீலமாகவும் சிவப்பாகவும் திட்டுத் திட்டாக இருந்தது. மூடியை நகர்த்தினாள். உள்ளேயிருந்து பட்டறை நாற்றம் அடித்தது.

நைனா மண்வெட்டியோடு பின்னால் வந்து நின்றார்.

"மூடு அதை."

"யார் ஊத்தறாங்க, நைனா?"

"தெரிஞ்சிக்கினுதானே வந்துகீற. அப்புறம் இன்னா கேள்வி."

"எதுக்கு உட்டீங்க?"

அவர் குழாயின் மேல் உட்கார்ந்தார். "ஓடைல உட்டா பட்டறைக்கு சீல் வெச்சிடுவோம்னு ஆபீசருங்க சொல்லிட்டுப் போயிட்டாங்க. தண்ணி சுத்தம் பண்ற மிஷின் வாங்கணும்னா தங்கவேலு பட்டறையவே வித்தாத்தான் முடியும். ஊரே கூடிப் பேசிச்சி. தறி நின்னா அத்தினி வூடும் நிக்கும். உன் போரு சும்மாதானே கீது செங்கல்வராயான்னாங்க. கேட்டது ஊரு. நான் குடுத்தேன். எனக்குன்னு ஒண்ணும் வாங்கல."

"லட்சுமம்மா கெணறு?"

"நெலத்துக்கு அடியில ஓடறத யாரு கண்டது? அவ கெணத்துக்குப் போவும்னு எனக்கு இன்னா தெரியும்?"

"இப்ப தெரியுமில்ல. அவங்க செடி கருகுறது இங்கேருந்தே தெரியுது. நிறுத்துங்க."

"நான் வாக்கு குடுத்துட்டேன். ஊரு நிறுத்தச் சொன்னா நிறுத்தறேன்." எழுந்து மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். "அந்தப் பொண்ணுகிட்ட இதச் சொன்னேன்னு வெச்சிக்கோ, அப்புறம் உனக்கு வூடு கெடையாது."

திருப்பதிக்குத் திரும்பும்போது தரணி தனக்குள் பல தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்: நைனா ஊருக்காகத்தான் செய்தார். அது உண்மைதான். லட்சுமம்மாவும் அதே ஊர்தான் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் ஆய்வகத்தில் ஜெமிமாவிடம் போய், "அந்த மேட்டுக் கெணறு அறிக்கைல வேணாம்" என்றாள்.

ஜெமிமா நிமிர்ந்தாள். "ஏன்?"

"ஒரே ஒரு கெணறு. மத்ததோட ஒத்துவரல. ஓடைய வெச்சே எழுதலாம்."

"ஒத்துவராததைத்தான் முதல்ல பாக்கணும். பள்ளிக்கூடப் பையனுக்கே தெரியும்." ஜெமிமா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நேத்து எங்க போயிருந்தே?"

"எங்கயும் இல்ல."

"உனக்கு யாருன்னு தெரிஞ்சிடுச்சி. தெரிஞ்சிட்டு மறைக்கிற. உன் பாடத்துல இதுக்குப் பேர் என்ன?"

தரணி கையிலிருந்த தாள்களை மேசைமேல் எறிந்தாள். "உனக்கு என்ன போச்சு? நீ எழுதிட்டுப் போயிடுவே. அங்க இருக்கப் போறது எங்க ஜனங்க."

"அந்த அம்மாவும் உங்க ஜனம்தான். அவங்க தண்ணியைக் குடிச்சது நீதானே, நான் இல்லையே" என்றாள் ஜெமிமா.

*

அந்தச் சனிக்கிழமை மதியம் யஸ்வந்த் போன் செய்தான். குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"உங்க ஊர்லதான் கீறோம். ஜெமிமா மேட்டு நெலத்துல அந்தப் பழைய போர்ல தண்ணி எடுத்துட்டா. பைக் சாவிய புடுங்கிட்டாங்க. சுத்தி நின்னுக்கினு உடமாட்டேங்கறாங்க. போலீசக் கூப்பிட்டா உங்க நைனாவத்தான் மொதல்ல புடிப்பாங்க, அதான் உனக்குப் போட்டேன்."

பஸ் நகரியை அடையும் வரை தரணி உட்காரவில்லை. நிலத்துக்கு அவள் ஓடிப்போனபோது அங்கே பாதி ஊர் நின்றுகொண்டிருந்தது. ஜெமிமா தரையில் உட்கார்ந்து பையைக் கட்டிப் பிடித்திருந்தாள். கண்ணாடியின் ஒரு பக்கம் உடைந்திருந்தது. கன்னத்தில் கீறல். சுற்றிலும் பாட்டில் துண்டுகள். நைனா போர்க் குழாய் மேல் உட்கார்ந்திருந்தார், யாரையும் பார்க்காமல்.

தங்கவேலு முன்னால் வந்தார். வெள்ளைச் சட்டை, அமைதியான பேச்சு.

"வாம்மா. நம்மூர்ப் புள்ள நீ. நீயே நியாயம் சொல்லு. அடுத்தவங்க நெலத்துல கேக்காம நுழையலாமா? அந்தப் பைய குடுத்துட்டுப் போவச் சொல்லு. நாங்க ஒண்ணும் செய்யல."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கேள்விகளின்போது பார்த்த அதே பார்வை. சத்தம் கேட்டு மேலே ஏறி வந்த லட்சுமம்மா ஓரத்தில் நின்றாள், கையில் பூக்கூடையோடு. நடப்பது அவளுக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

தரணி அவளைப் பார்த்துதான் பேசினாள்.

"இது எங்க நெலம். இந்தப் போர்ல பட்டறைத் தண்ணிய ஊத்தறாங்க. இங்க எறங்கறது உங்க கெணத்துக்கு வருது. எங்க நைனாதான் போரத் தொறந்து உட்டாரு."

தங்கவேலு செல்போனை எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

"நெஜமா, செங்கல்வராயா?" என்றாள் லட்சுமம்மா.

நைனா தலையைத் தூக்கவில்லை.

லட்சுமம்மா கூட்டத்தை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தாள். "உனக்குத் தெரியுமா? உனக்கு?" கடைசியில் அவள் பார்வை தன் மகனிடம் நின்றது. அவன் தறிக்காரர்களுக்கு நடுவில் நின்றிருந்தான்.

"உனக்குமாடா?"

"தறி நின்னுடும்னு சொன்னாங்கம்மா" என்றான் அவன்.

அவள் கூடையைக் கீழே வைத்தாள். நேராக ஜெமிமாவிடம் போய் அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள். கூட்டம் விலகி வழிவிட்டது. யஸ்வந்தின் சாவியை யாரோ தரையில் போட்டார்கள்.

தரணி பின்னால் போகத் திரும்பியபோது நைனா எழுந்தார். அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். சின்ன வயதில் கூட அவர் அவளை அடித்ததில்லை.

"இனிமே வூட்டுப் பக்கம் வராத" என்றார்.

*

திங்கட்கிழமை சித்தூர் கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்குவார்கள். லட்சுமம்மா மனுவோடு போனாள். தரணியும் ஜெமிமாவும் உடன் போனார்கள். பஸ்ஸில் மூவரும் மூன்று இடத்தில் உட்கார்ந்தார்கள். வரிசையில் நிற்கும்போது தரணி, "அம்மா, நீங்க உக்காருங்க, நான் நிக்கறேன்" என்றாள்.

"உன் நைனா என்னைக் கேட்டிருந்தா நான் வேணாம்னு சொல்லியிருப்பேனோ என்னவோ" என்றாள் லட்சுமம்மா. "என் புள்ளையும் தறிதானே ஓட்டறான். ஆனா கேக்கல. ஊரே கூடிச்சாமே, அந்த ஊர்ல நான் இல்ல. நீ நின்னு எனக்கு ஒண்ணும் ஆவப் போறதில்ல. நானே நிக்கறேன்."

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். போரில் சாயக் கழிவு இருப்பது உறுதியானது. ஆனால் தங்கவேலு வேறு கதை சொன்னார். தன் பட்டறைக் கழிவு தொட்டியிலேயே காய்ந்துவிடுகிறது, வெளியே போவதே இல்லை; மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ டேங்கர் வந்து ஊற்றியிருக்கும்; செங்கல்வராயன் தன் லாபத்துக்கு விட்டிருப்பார். ஊரும் அதையே சொன்னது. கூடிப் பேசியவர்களில் ஒருவர் கூட அப்படி ஒரு கூட்டம் நடந்ததாக ஒத்துக்கொள்ளவில்லை.

அம்மா போனில் அழுதாள். "யாரு வண்டின்னு கேட்டா வாயத் தொறக்கமாட்டேங்கறாருடி. வாக்கு குடுத்துட்டேன்ங்கறாரு. அவங்க எல்லாம் கழண்டுக்கினாங்க, இவரு மட்டும் புடிச்சிக்கினு கீறாரு."

தரணி ஊருக்குப் போன் போட்டுப் பேச முயன்றாள். அவளிடம் எந்த வீடும் இப்போது வாய் திறக்காது. முன்பு பேசியவர்களின் பேச்சு அவளிடம் இருந்தது, ஆனால் அவர்கள் பேரை வெளியே சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் கேட்டிருந்தாள். அவளுடைய பாடத்தில் அதை மீற முடியாது. வேறு வழி தெரியாமல் ஆய்வகத்துக்குப் போய் ஜெமிமாவின் எதிரில் நின்றாள்.

"அந்தத் தண்ணி தங்கவேலு பட்டறையுதுன்னு நிரூபிக்க முடியுமா?"

ஜெமிமாவின் கன்னத்துக் கீறல் இன்னும் ஆறவில்லை. "ஏன், இப்ப பாட்டில் பேசணுமா?"

தரணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"முடிச்சிட்டேன்" என்றாள் ஜெமிமா. "சாயம் துணியில ஏற உப்பு போடணும். சுத்துப்பட்டுல எல்லாரும் சாதா உப்பு போடறாங்க. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கற பட்டறைங்களோட தண்ணியும் எடுத்துப் பாத்துட்டேன், அங்கயும் அதேதான். தங்கவேலு மட்டும் சல்பேட் உப்பு போடறார். அதிகாரிங்க எடுத்துக் குடுத்த அவர் தொட்டித் தண்ணியில, உங்க போர்ல, அந்தக் கெணத்துல மூணுலயும் அதேதான் இருக்கு, ஒரே அளவுக் கணக்குல. எடுத்துட்டுப் போக யஸ்வந்த் வரைபடமும் வெச்சிருக்கேன்."

"தேங்க்ஸ்."

"உங்க நைனாவுக்காகச் செய்யல. அவர் பாத்துட்டு இருக்கும்போதுதான் என் கண்ணாடியை உடைச்சாங்க. நிஜம் அதுன்னா அதுதான். அவ்வளவுதான்."

சித்தூரில் விசாரணை நடந்த அன்று நைனா தனியாக வந்திருந்தார். வராந்தா பெஞ்சில் தரணிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அதிகாரி தெலுங்கில், நிலம் யாருடையது என்று கேட்டார். தன்னுடையதுதான் என்றார். டேங்கர் யாருடையது என்று கேட்டார். நைனா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் பிரமிளா மேடம் ஜெமிமாவின் முடிவுகளையும் யஸ்வந்தின் வரைபடத்தையும் கொடுத்தார். தங்கவேலுவின் வக்கீல் ஏதேதோ கேட்டார், ஜெமிமா ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் பதில் சொன்னாள். தங்கவேலு முதல்முறையாக வேர்த்த முகத்தைத் துடைத்தார்.

பட்டறைக்கு சீல் வைத்தார்கள். சுத்திகரிப்பு வசதி செய்த பிறகுதான் திறக்கலாம் என்று உத்தரவு. பழைய போரைக் கான்கிரீட் போட்டு அடைத்தார்கள். நைனாவுக்கும் அபராதம் விழுந்தது. சின்னராசகுப்பத்தில் தறிகள் நின்றன. சில குடும்பங்கள் வெளியூரிலிருந்து நூல் வாங்கிப் பாதித் தறி ஓட்டின. இளவட்டங்கள் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறினார்கள். கமலம்மா கடைக்குப் போனால் அவளுக்கு முன்னால் பேச்சு நின்றுவிடும்.

அறிக்கைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த ஒருவர், "மூணு துறையும் சேர்ந்ததால்தான் இது சாத்தியமாச்சு, இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். யஸ்வந்த் ஆமாம் என்றான். ஜெமிமா, "தண்ணிதான் சார் முதல்ல" என்றாள். தரணி, "ஊர் எதைச் சொல்லலன்னு பார்த்திருக்கணும் சார், நான் தாமதமாத்தான் பார்த்தேன்" என்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வெளியே வந்து, வேறு வேறு பக்கமாக நடந்தார்கள்.

லட்சுமம்மாவின் கிணறு தெளிய எவ்வளவு காலம் ஆகும் என்று தரணி யஸ்வந்திடம் கேட்டாள். நல்ல மழை பெய்தாலும் பத்து வருஷம் ஆகலாம் என்றான்.

சித்திரை மாதம் ஒருநாள் காலையில் அம்மா போன் செய்தாள். நைனா கீழ்க்கோடி போரிலிருந்து லட்சுமம்மாவின் பூச்செடிக் கொல்லைக்கு பைப்பு போட்டிருக்கிறாராம். யாரிடமும் சொல்லவில்லை, லட்சுமம்மாவிடமும் கேட்கவில்லை. ராவோடு ராவாகப் பள்ளம் தோண்டிப் புதைத்திருக்கிறார். விடிந்ததும் லட்சுமம்மா அரிவாளோடு வந்து வெட்டிவிட்டாளாம். மறுநாள் அவர் ஒட்டினார். அவள் மறுபடியும் வெட்டினாள்.

"நேத்தும் வெட்டிட்டா" என்றாள் அம்மா. "தண்ணி வோணும்னு நான் உன்ன கேட்டனான்னு கத்தறா. இவரு ஒண்ணும் பேசறதில்ல. இப்பவும் ஒட்டிக்கினுதான் கீறாரு."

"நைனாகிட்ட போனைக் குடும்மா."

அம்மா போனோடு நடக்கும் சத்தம் கேட்டது. மோட்டார் சத்தம் நெருங்கி வந்தது. "தரணி பேசணுமாம்" என்று அம்மா சொன்னாள். பிறகு அம்மா திரும்ப லைனுக்கு வந்தாள்.

"கை பூரா பசையா கீதாம்" என்றாள்.

"அவங்கள முதல்ல கேக்கச் சொல்லும்மா" என்றாள் தரணி. "கேக்காம போட்டா அவங்க வெட்டிக்கினேதான் இருப்பாங்க."

அம்மா அதை அப்படியே உரக்கச் சொன்னாள். மோட்டார் நின்றது. நைனாவின் குரல் கேட்டது, அம்மாவைப் பார்த்துப் பேசுவதுபோல.

"எல்லாம் தெரிஞ்சவ அவ. அவளையே வந்து கேக்கச் சொல்லு."

தரணி போனை வைத்துவிட்டு விடுதிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து புத்தூர் பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்தாள்.